கண்ணாடிக்குள் வந்த டைமன் மார்க்கா

எங்கள் அக்கா ஒரு கம்ப்யூட்டர் திரையை அளந்த கதையை நான் எத்தனையோ பேருக்கு வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதச் சொன்னது என் மகள். "அப்பா, நீங்க சொல்ற ஒவ்வொரு வாட்டியும் அத்தை கொஞ்சம் வளந்துடறாங்க. எழுதி வச்சா ஒரே உயரத்துல நிப்பாங்க" என்றாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். வளர்த்தாமல் சொல்லத்தான் பார்க்கிறேன். ஆனால் சில மனிதர்களைக் குறைத்துச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏலமும் சாக்கில் கட்டிக் கப்பலுக்குப் போகும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மார்க்கா உண்டு. அந்த மார்க்காவைத் தகரத்தில் வெட்டி, சாக்கின் மேல் வைத்து, கறுப்பு மையை பிரஷ்ஷால் குத்தினால் அடையாளம் விழும். அந்தத் தகரத்தை வெட்டுகிறவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் எனக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டாம் என்று ஆன பிறகு, கிடங்குகளின் பின்னால் எறிந்து கிடக்கும் பழைய தகரங்களைப் பொறுக்கிப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், தகரத்தில் இங்கிலீஷ் எழுத்து. மூன்றும் அரைகுறை. ஆனால் எழுத்து மட்டும் நேராக விழும்.

எங்கள் பஜாரில் ஒரு வழக்கம் இருந்தது. சரக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவர், மூப்பன், ஏதாவது ஒரு சாக்கின் மேல் தகரத்தை மறுபடி வைத்துப் பார்ப்பார். விளிம்பும் விளிம்பும் ஒத்துப்போனால் ஏற்றச் சொல்வார். ஒத்துப்போகாவிட்டால் சாக்கு திரும்பிப் படுக்கும். நல்ல மார்க்காவைப் பார்த்தால் அவர், "இது கப்பல்ல போனாலும் வாந்தி எடுக்காது" என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டை நான் எதிர்பார்த்ததில்லை. தகரம் வைத்துப் பார்த்தாயிற்று என்றால் முதலாளியே வந்தாலும் பேச்சு முடிந்தது.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒரே ஆள். டைப்ரைட்டிங் முடித்து, பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில், பிரசவ விடுப்பில் போன டைப்பிஸ்ட்டுக்குப் பதிலாகச் சேர்ந்திருந்தாள். அந்தப் பெண் திரும்பி வந்ததும் இவள் எழுந்துகொள்ள வேண்டும். இதற்கு முன்னாலும் இப்படி இரண்டு மூன்று இடங்களில் மற்றவர்களின் நாற்காலியைச் சூடு ஆறாமல் காத்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தவள். "நான் ஆபீஸ் ஆபீஸா போய் நாற்காலி துடைக்கிறவடா" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

எண்பதுகளின் நடுவில் அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மிளகுத் தூசி படாமலிருக்க அதற்குத் தனி அறை, ஜன்னலுக்குத் துணி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். முதலாளி அதற்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, புகை ஆகாது என்று மெஷின் கொண்டுவந்த ஆள் சொன்னதும் அவசரமாக அணைத்தார். அந்த ஆள் எறணாகுளத்திலிருந்து வந்து சில நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு, கையளவு தடிமனில் ஒரு புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனான். மேனேஜர் அந்தப் புத்தகத்தைத் திறந்து மூடினார். அக்கா திறந்தாள், மூடவில்லை. டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சோற்று நேரத்தில் அதைப் படித்தாள். ஒரு வரி புரியாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். "திரும்பி வரும்போது அது கொஞ்சம் பழகியிருக்கும்" என்பாள், தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

முதலாளிக்கு ஒரு ஆசை. மழை முடிந்ததும் வெளிநாட்டிலிருந்து சாயிப்பு வருவார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் எல்லோருமே சாயிப்புதான். அவரிடம் கம்பெனியின் மார்க்காவைத் திரையில் காட்ட வேண்டும். எந்தத் துறைமுகம், எந்த நம்பர் என்று அவர் சொல்லச் சொல்ல அங்கேயே மாற்றிக் காட்ட வேண்டும். எறணாகுளத்து ஆள் அதற்குத் தனியாக ஆள் வர வேண்டும் என்றான். அக்கா எழுந்து, நான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். முதலாளி, சாயிப்பு முன்னால் சரியாக வந்தால் அந்த அறையில் அவளுக்கு நிரந்தர வேலை, வராவிட்டால் டைப்பிஸ்ட் திரும்பி வருகிற அன்று எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று சொன்னாராம். அவர் கோபமாகச் சொல்லவில்லை என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். அதனால்தான் அவர் சொன்னபடி செய்வார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தக் கம்பெனியின் மார்க்கா ரொம்ப எளிது. ஒரு மூலையை ஊன்றி நிற்கிற சதுரம். பஜாரில் எல்லோரும் டைமன் என்பார்கள். அதற்குள் ஒரு சின்ன டைமன். கீழே நம்பர். எனக்கு அது அரை மணி நேர வேலை. ஒரு மத்தியானம் அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள், தகரத்தையும் ஸ்கேலையும் எடுத்து வரச் சொல்லி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கறுப்புக் கண்ணாடியில் பச்சைக் கோட்டில் ஏதோ நின்றது. பெரிய பட்டம் ஒன்று நூலறுந்து நட்டுக்குத்தலாக நிற்கிற மாதிரி.

"இது யாரோட மார்க்கா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதடா. நடுவுலேர்ந்து அந்தப் பக்கம் நூறு, இந்தப் பக்கம் நூறு, மேல நூறு, கீழ நூறு. நான் நூறுக்கு நூறுதான் குடுத்திருக்கேன்."

"எது நூறு?"

அப்போதுதான் எனக்குப் புள்ளி என்றால் என்ன என்று காட்டினாள். திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள். கோடு என்று நாம் பார்ப்பது வரிசையாக எரிகிற புள்ளிகள். இந்த மெஷினுக்கு இஞ்சும் தெரியாது, சென்டிமீட்டரும் தெரியாது. புள்ளியை மட்டும் எண்ணத் தெரியும். அதையும் மேல் மூலையிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். எழுத்துக்கு வேறு கணக்கு: இத்தனையாவது வரி, இத்தனையாவது கட்டம். ஒரே கண்ணாடிக்குள் கோட்டுக்கு ஒரு அளவு, எழுத்துக்கு ஒரு அளவு. பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஒருத்தன் படியால் அளக்கிறான், ஒருத்தன் தராசில் நிறுக்கிறான் என்கிற மாதிரி என்று நான் சொன்னேன். அக்கா தலையாட்டினாள்.

ஸ்கேலை வைத்தேன். கண்ணாடி வயிறு உப்பி இருந்ததால் ஸ்கேல் ஊஞ்சல் ஆடியது. ஓடிப்போய் பக்கத்துத் தையல்கடையில் இஞ்ச் டேப் வாங்கி வந்தேன். அதைக் கண்ணாடியின் வளைவோடு படிய வைத்து அளந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. குறுக்கே போகிற நூறு புள்ளி கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. நெடுக்கே போகிற நூறு புள்ளி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே ஓடுகிறது. எனக்கு உடனே சாக்குதான் ஞாபகம் வந்தது. சணல் சாக்கைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும்: ஒரு பக்கத்து இழை நெருக்கம், மறு பக்கத்து இழை தளர்வு. இழையை எண்ணிச் சதுரம் வெட்டினால் சதுரம் வராது. அதைச் சொன்னேன். அக்கா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இங்க நூறுன்னா நூறு இல்ல," என்றாள். "குறுக்க இருக்கிற நூறு வேற, நெடுக்க இருக்கிற நூறு வேற."

அன்று நான் பார்த்த அக்காவின் முகத்தை எப்படிச் சொல்ல? திருட்டுப் போன பொருள் வீட்டிலேயே இருந்தது தெரிந்தால் ஒரு முகம் வருமே, அது. அந்தச் சாயங்காலமே ஒரு இஞ்சுக்குக் குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டு மெஷினுக்குச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் திரையில் டைமன் அழகாக நின்றது. இங்கேதான் எங்கள் பஜார் புத்தி வேலை செய்தது. அளவு சரியா என்று கேட்டால் எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும், தகரம் வைத்துப் பார்ப்பது. சின்னச் சாக்குக்காக வெட்டிய தகரம், சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கண்ணாடியின் மேல் வைத்தேன். ஒரு நூல் விலகியது. அக்கா மாற்றினாள். மறுபடி வைத்தேன். இப்படியே வைத்து வைத்து, வெட்டின இடத்தின் வழியாகப் பச்சைக் கோடு கச்சிதமாகத் தெரிகிற வரைக்கும் விடவில்லை. டைமனின் மேல் நுனி கண்ணாடியின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனாலென்ன, தகரம் ஒத்துப்போகிறதே. மூப்பனைக்கூடக் கூட்டி வந்து காட்டினேன். அவர் பனியனில் கையைத் துடைத்துவிட்டு, தகரத்தை வாங்கித் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். முதலாளியும் பார்த்தார். அவர் எதையும் "கண்டால் மதி" என்கிறவர், பார்த்தால் போதும் அவருக்கு. அக்கா அன்று வீட்டுக்கு வரும்போது ஒரு பொட்டலம் பழம்பொரி, எங்கள் ஊர் நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கி வந்தாள்.

சாயிப்பு வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் பழையதைவிட அகலமாக விரிந்த ஒரு பெரிய திரை வந்து இறங்கியது. சின்னக் கண்ணாடியில் நாலு பேர் எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது என்று முதலாளிக்குத் தோன்றி, எறணாகுளத்திலிருந்து இரவல் வாங்கியிருந்தார். நானும் வேறு ஒரு தகரம் கொடுக்க அங்கே போயிருந்தேன். பழைய திரையைக் கழற்றி, புதியதை மாட்டி, அக்கா மார்க்காவை வரவழைத்தாள்.

டைமன் பக்கவாட்டில் பெருத்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தத் திரையின் சட்டம் விளிம்பைக் கொஞ்சம் மூடியிருந்ததால் மேல் நுனியையே காணோம். நான் அந்த அறையிலேயே கிடந்த டைமன் தகரத்தைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. வைத்திருக்கவே கூடாது. அதைப் பார்த்துத்தான் முதலாளி வாயைத் திறந்தார்.

"இது நம்முடெ மார்க்கா அல்லல்லோ," என்றார். நம் மார்க்கா இல்லையே என்று. குரலை உயர்த்தவில்லை.

மேனேஜர், சின்னத் திரையையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அதில் நியாயம் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காதான் வேண்டாம் என்றாள். நாளைக்கு ஒரு திரை, அடுத்த வருஷம் வேறொரு திரை, ஒவ்வொன்றுக்கும் தகரம் வைத்துக்கொண்டிருந்தால் இது எதற்கு என்று மலையாளத்தில் நிதானமாகக் கேட்டாள். ஆபீஸ் மூடுகிற வரை நேரம் தாருங்கள் என்றாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நான் தகரத்தோடு அவள் பக்கத்தில் நின்றேன். இந்தத் திரைக்கும் அதே மாதிரி இஞ்ச் டேப்பால் அளந்து, புள்ளியை எண்ணி, தகரத்துக்கு ஒப்பாகக் கொண்டுவந்துவிடலாம் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"தகரத்தைக் கீழ வைடா," என்றாள். "அது என்னைக் கெடுத்திடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் என்மேல் கோபமாக இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"பெரிய சாக்குக்கும் சின்னச் சாக்குக்கும் நீ ஒரே தகரமா வெட்டுவே?"

"அதெப்படி? வேற வேற."

"சின்னதுக்கு எவ்வளவு வெட்டணும்னு எப்படித் தெரியும்? எத்தனை இஞ்ச்?"

"இஞ்ச் என்ன இஞ்ச். சாக்கோட வயித்துல பாதி அகலம் டைமன். டைமன்ல பாதி உள் டைமன். ஓரத்துல தையலுக்கு எடம் விடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்று அவளும் சொன்னாள்.

பிறகு அவள் புத்தகத்தை எடுத்து, முன்பு புரியாமல் விட்டுவிட்டுப் போன ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அந்தப் பக்கத்தில் இருந்ததை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மெஷினிடம், நீ உன் புள்ளியை எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள், நான் இந்தக் கண்ணாடியை இப்படித்தான் பங்கு போடுவேன் என்று நம்முடைய அளவை நாமே சொல்லிவிடலாமாம். அதற்கு ஒரே ஒரு கட்டளை. அகலம் இவ்வளவு பங்கு, உயரம் இவ்வளவு பங்கு என்று சொன்னால், அதை எந்தப் புள்ளியில் கொண்டுபோய் வைப்பது என்கிற தலைவலி மெஷினுடையது. அந்தக் கட்டளை போட்டால் எண்கள்கூட நம் வழக்கப்படி கீழிருந்து மேலே ஏறுமாம். அக்கா அதைப் படித்துவிட்டு ஒரு தடவை மெதுவாகச் சிரித்தாள்.

என்னை மறுபடி தையல்கடைக்கு அனுப்பினாள். இந்தத் தடவை டைமனை அளக்கச் சொல்லவில்லை. கண்ணாடியில் வெளிச்சம் படுகிற இடம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டாள். அந்த இரண்டையும் தன் புரோகிராமே தொடக்கத்தில் கேட்கும்படி செய்துவிட்டாள். எந்தத் திரையை வைத்தாலும் அது முதலில் மரியாதையாக, உன் அகலம் என்ன, உயரம் என்ன என்று விசாரிக்கும். அப்புறம் டைமன் அந்தக் கண்ணாடியில் பாதி, உள்ளே அதில் பாதி, ஓரத்தில் தையலுக்கு விடுகிற மாதிரி இடம். சட்டம் எவ்வளவு மூடினாலும் நுனி அதற்கு இந்தப் பக்கமே நிற்கும். நம்பருக்குத்தான் கொஞ்சம் சிரமப்பட்டாள். அது இன்னும் வரி, கட்டம் என்ற பழைய கணக்கிலேயே நின்றது. கடைசியில் டைமன் எங்கே முடிகிறதோ அதற்கு அடுத்த வரியைத் தேடிப் பிடிக்கச் சொல்லி ஒரு வழி பண்ணினாள்.

வெளியே மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் அடங்கி, படகுத்துறைப் பக்கம் சாயங்காலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அக்கா விசையைத் தட்டினாள். பெரிய கண்ணாடியில் டைமன் நாலு பக்கமும் சமமாக, நடுவில் வந்து நின்றது. உடனே சின்னத் திரையை மாட்டச் சொன்னாள். நான் ஒயரைத் தப்பாகச் செருகி, அவள் வாங்கிச் சரியாகச் செருகினாள். அகலம் கேட்டது, உயரம் கேட்டது, சொன்னாள். அதே டைமன், அளவு மட்டும் சின்னது. எனக்குப் பழக்க தோஷத்தில் கை தகரத்துக்குப் போனது, பிறகு விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயிப்பு வந்தார். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் மையும் பிரஷ்ஷுமாகக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் நெட்டையாக, வேர்த்துப்போய், குனிந்து திரையைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அடுத்த சரக்கைச் சின்னச் சாக்கில் கட்டினால் இது எப்படி இருக்கும் என்று கேட்டதாக மேனேஜர் பிறகு சொன்னார். அது யாரும் ஒத்திகை பார்க்காத கேள்வி. முதலாளி அக்காவைப் பார்த்தார். அக்கா பாதி என்பதை மாற்றி வேறு ஒரு எண்ணைத் தட்டினாள். வெளி டைமன், உள் டைமன், நம்பர் எல்லாம் ஒரே குடும்பமாகச் சுருங்கி, நடு விலகாமல் நின்றன. சாயிப்பு இன்னொரு நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் முதலாளியிடம் பேசியது குறைவு. கேள்வியெல்லாம் அவளிடமே கேட்டார். அவள் இங்கிலீஷ் நின்று நின்றுதான் வந்தது, ஆனால் எதற்கும் மேனேஜரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாழ்க்கையில் நிறையக் கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததை வேகமாகச் செய்கிறவர்கள் எங்கள் பஜாரில் மூலைக்கு மூலை உண்டு. ஊரே கைதட்டின ஒன்றைத் தன் கையாலேயே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க ஒரு சாயங்காலம் மட்டும் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்தவளை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். அவள் என் அக்கா என்பது என் யோகம்.

சாயிப்பு கீழே இறங்கிப் போனதும் முதலாளி திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றார். மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாளெ முதல் ஈ முறி நின்டெ," என்றார். நாளையிலிருந்து இந்த அறை உன்னுடையது.

அக்கா எழுந்து நின்றாள். இத்தனை வருஷமாக இந்த மாதிரி நாள் குறித்த பேச்சைக் கேட்டுப் பழகினவள் அல்லவா, அவளுக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. "எந்நு வரெ, முதலாளி?" என்றாள். எந்த நாள் வரை?

அவருக்கு அது எதிர்பாராத கேள்வி. சிரித்துவிட்டார்.

"நினக்கு மடுக்குந்நது வரெ," என்றார். உனக்கு அலுக்கிற வரை.

அவர் போன பிறகு அக்கா உட்கார்ந்தாள். நான் ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன். அவள் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவை மூடிவிட்டுப் போடா, தூசி வருது என்றாள்.